பச்சையாக நின்ற இரண்டு துண்டுகள்

அத்தியாயம் 11

அண்ணனின் தலையிலிருந்து கட்டியை எடுத்து இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

என்ன கட்டி என்ற பதில் ஆறாம் நாளே வந்துவிட்டது. மூளையில் வருகிறவற்றில் ஆக வேகமாக வளரும் ரகம். பதிலுக்காகக் காத்திருந்தது போக, இப்போது வேறொன்றுக்காகக் காத்திருந்தார்கள். எடுத்த கட்டியிலிருந்து, மூன்று இடங்களில், சுண்டு விரல் நகம் அளவுக்கு மூன்று துண்டுகள் ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடியிலிருந்த திசுக் கூடத்துக்குப் போயிருந்தன. அங்கே அவற்றை மெல்லிய சீவல்களாக அறுத்து, சாகாமல் பார்த்துக்கொண்டு, வெவ்வேறு அளவில் கதிர்வீச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். எந்த அளவுக்குக் கட்டி மசிகிறது என்று சோதனைத் தட்டில் தெரிந்தால், அதை வைத்து அண்ணனின் சிகிச்சையை முடிவு செய்யலாம்.

இந்தச் சோதனைக்கு அண்ணன் ஆபரேஷனுக்கு முந்தின நாள் கையெழுத்துப் போட்டான். அது அண்ணிக்குத் தெரியும். படிவத்தின் கடைசிப் பக்கத்தில், முடிவு வந்தால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் யார் பெயரை எழுதினான் என்பது மட்டும் அண்ணிக்குத் தெரியாது.

அவன் எழுதியது தங்கையின் பெயரை.

வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் அவளை எல்லோரும் சின்னவள் என்றே கூப்பிட்டார்கள். சின்னவளுக்கு வயது நாற்பத்து மூன்று. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில்.

அன்று காலை அவளிடம் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர். ஊரார் வாயிலெல்லாம் டிரில்லை விட்டுக் குடைகிற மனுஷர்தான். ஆனால் மூன்றாவது கியர் போடுவதற்குள் அவருக்குச் சட்டை நனைந்துவிடும்.

பத்தரை மணிக்கு போன் அடித்தது. ஆஸ்பத்திரி எண்.

"ஓரம் கட்டுங்க, சார்."

"ஏன், தப்பா ஏதாவது பண்ணிட்டேனா?"

"இல்ல. எனக்கு போன். இண்டிகேட்டர் போடுங்க. பின்னாடி பாருங்க. இப்ப மெதுவா."

அவர் மெதுவாகத்தான் செய்தார். போன் ஒருமுறை அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தபோதுதான் கார் நின்றது.

"திசுக் கூடத்துல இருந்து பேசறேங்க. முடிவு வந்தாச்சு. டாக்டர் மூணு மணிக்கு வரச் சொல்றாங்க. அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுறீங்களா?"

"நல்லதா, கெட்டதா?"

"அதை டாக்டர் சொன்னாத்தான் சரியா இருக்கும்."

சின்னவள் அந்தக் குரலில் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று கவனித்தாள். அந்தப் பெண் காலையிலிருந்து இதே போல் நாலு பேரைக் கூப்பிட்டிருப்பாள் போலிருந்தது. ஒன்றும் தட்டுப்படவில்லை.

"போகலாம் சார். கிளப்புங்க."

"மேடம், ஹேண்ட் பிரேக் எடுக்கலையே."

ஒரு மாணவர் அதை அவளுக்கு ஞாபகப்படுத்துவது இந்தப் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. பல் டாக்டருக்கு மகா சந்தோஷம். பாடம் முடிகிறவரை அதே தெம்பில் ஓட்டினார்.

அவரை இறக்கிவிட்டபின் சின்னவள் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். அண்ணன் சொல்லிவைத்தது சுலபமான ஏற்பாடு. 'அவளுக்கு இப்ப சொல்லாதே. ரெண்டு பேரும் சத்தமில்லாம போய்ட்டு வந்துடலாம். அப்புறம் நானே சொல்லிக்கிறேன்.' அண்ணிக்குக் கடையில் வேலை ஆறு மணி வரை. மூன்று மணிக்குப் போய், நாலரைக்குத் திரும்பிவிடலாம். யாருக்கும் தெரியாது.

ஆனால் கதிர்வீச்சு என்பது ஒரு மத்தியானத்தோடு முடிகிற காரியம் இல்லை. தினம் கூட்டிப்போகப் போவதும், வாந்தி எடுத்தால் துடைக்கப் போவதும், மாத்திரையைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கப் போவதும் யார்? அண்ணிதானே. சின்னவள் காரைக் கண்ணாடிக் கடைப் பக்கம் திருப்பினாள்.

அண்ணி கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து ஃப்ரேம் பொருத்துகிறவள். சின்னவள் போனபோது ஒரு வயதான வாடிக்கையாளர் முகவாயைத் தாங்கியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதுல தெளிவா தெரியுதா, முன்னாடி போட்டதுலயா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"ஒண்ணா இருக்காது. மறுபடி பாருங்க."

அவர் மறுபடி பார்த்தார். முன்னாடி போட்டதுதான் என்றார். அண்ணி எழுதிக்கொண்டாள். நிமிர்ந்தவள் சின்னவளைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அவருக்கு என்ன?"

"அவனுக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. சோதனை முடிவு வந்திருக்கு. மூணு மணிக்கு வரச் சொன்னாங்க."

"எனக்கு போன் வரலையே." அண்ணி மேஜை மேலிருந்த தன் போனை எடுத்துப் பார்த்தாள். "ஒரு கால்கூட வரலையே."

"எனக்குத்தான் வந்துச்சு. படிவத்துல என் பேரைத்தான் எழுதியிருக்கான்."

அண்ணிக்கு இதைப் புரிந்துகொள்ள நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் அப்படியே சொல்லிவிட்டது. மனதில் என்ன ஓடினாலும் அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வாசலில் நின்றே படித்துவிடுவார்கள்.

"எப்ப எழுதினாரு?"

"ஆபரேஷனுக்கு முந்தின நாள். நீங்க பக்கத்துக் கடையில செருப்பு வாங்கப் போயிருந்தீங்க. உங்க செருப்பு அறுந்துபோச்சே, அன்னைக்கு."

"அன்னையில இருந்து உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தினம் சாயங்காலம் வந்து, நான் போட்ட காபியை வாங்கிக் குடிச்சுட்டு, என் எதிர்லயே உக்காந்திருந்தே. நானும் லூசு மாதிரி உன்கிட்ட, 'சின்னவளே, முடிவு எப்ப வருமோ தெரியலையே'ன்னு புலம்பிட்டிருந்தேன்."

"ஆமா அண்ணி."

 

அண்ணி முதியவரின் கண்ணாடியைத் துடைத்து, உறையில் போட்டு, எந்தத் தேதிக்குப் புதுசு வரும் என்று நிதானமாகச் சொல்லி அனுப்பினாள். முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டாள். காரில் முன்னால் உட்காராமல் பின்னால் ஏறிக்கொண்டாள். 

வீட்டில் அண்ணன் மேஜை நிறைய திருகாணிகளைக் கொட்டி வைத்துக்கொண்டு, அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். வலது கையில் பிடி குறைந்திருந்ததால், விரல்களுக்குப் பயிற்சி. தலையின் இடது பக்கத் தையலை மறைக்கப் பின்னல் தொப்பி. கை பரவாயில்லை, வார்த்தைகள்தான் சில நாட்களாகக் கண்ணாமூச்சி ஆடின.

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா எங்கயோ ஒயர் பிஞ்சிருக்குன்னு அர்த்தம்" என்றான். "சின்னவளே, அந்த... அதை எடு. முறுக்குறது. மஞ்சள் பிடி."

சின்னவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தாள்.

"ஏன் என் பேரை எழுதல?" என்றாள் அண்ணி.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். தங்கை ஜன்னலைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அவளை ஏன் பாக்கறீங்க? நான் கேக்கறேன். இருபத்தோரு வருஷமா இந்த வீட்டுல கேஸ் சிலிண்டர்ல இருந்து உங்க பேன்ட் அளவு வரைக்கும் என் பேர்லதான் ஓடுது. இதுக்கு மட்டும் நான் ஆகாதவளா?"

"ஆகாதுன்னு இல்ல." அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். வார்த்தை வருவதற்காகக் காத்திருந்தான். "உன் மூஞ்சி."

"என் மூஞ்சிக்கு என்ன?"

"உனக்கு போன் வந்தா, நீ வாயே திறக்க வேண்டாம். வாசப்படி தாண்டும்போதே எனக்குத் தெரிஞ்சிடும். கேக்கலாமா வேண்டாமான்னு யோசிக்க எனக்கு ஒரு... ஒரு இது கிடைக்காது. இவ அப்படி இல்ல. இவ பக்கத்துல உக்காந்து எத்தனை பேர் மரத்துல கொண்டு போய் முட்டப் பாத்திருக்காங்க. மூஞ்சியில ஒரு கோடு மாறாது. எனக்கு ஒரு நாள் தெரியாம இருக்கணும்னா, இவகிட்ட இருந்தாத்தான் இருக்கும்."

அண்ணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். திருகாணிகளைப் பார்த்தாள். அவற்றில் ஒன்று தப்பான கிண்ணத்தில் இருந்தது. எடுத்துச் சரியான கிண்ணத்தில் போட்டாள்.

"சரி. அப்ப நான் உள்ள வரல. வெளியில உக்காந்துக்கறேன். என் மூஞ்சி உங்களுக்கு இடைஞ்சலா இருக்க வேண்டாம்."

அது கோபமா, உண்மையிலேயே விட்டுக்கொடுத்தாளா என்று சின்னவளுக்குப் பிடிபடவில்லை. அண்ணனுக்கும் பிடிபட்டிருக்காது.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கதிர்வீச்சுப் பிரிவின் நடைபாதையில் வரிசை நாற்காலிகளில் ஒன்றில் அண்ணி உட்கார்ந்தாள். அண்ணனும் சின்னவளும் உள்ளே போனார்கள்.

டாக்டரம்மா வளைத்துப் பேசுகிறவர் இல்லை. கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். கறுப்புப் பின்னணியில் வட்ட வட்டமாக, மணலைக் கொட்டியது போல் புள்ளிகள்.

"பச்சையா இருக்கிறது உயிரோட இருக்கிற செல். சிவப்பு செத்தது. நாங்க வழக்கமா கொடுக்கறது ஆறு வாரம், தினம் கொஞ்சம் கொஞ்சம். அந்த அளவுல கொடுத்த சீவல்கள் இந்த வரிசை."

மேல் வரிசையில் பத்து வட்டங்கள். நாலு சிவப்பாகியிருந்தன. ஆறு பச்சை.

"ஆக, உங்க கட்டி வழக்கமான அளவுக்கு அவ்வளவா அசையல. இது தட்டுல நடந்தது. தலைக்குள்ள ரத்த ஓட்டம் வேற, சூழல் வேற. இந்தச் சோதனையே ஆராய்ச்சி நிலையிலதான் இருக்கு. இதை ஜாதகம் மாதிரி எடுத்துக்காதீங்க."

"கீழ் வரிசை?" என்றாள் சின்னவள்.

"அது மூணு வாரம். தினம் கொடுக்கற அளவு அதிகம், நாள் குறைவு." கீழ் வரிசையில் எட்டு சிவப்பு, இரண்டு பச்சை. "இதுவும் நாங்க சில பேருக்குக் கொடுக்கற முறைதான், புதுசு இல்ல. இதுல ஒரு சிக்கல்..."

"நிறுத்துங்க" என்றான் அண்ணன்.

டாக்டர் நிறுத்தினார்.

"எனக்கு... இதை..." அவன் இடது கையால் கதவுப் பக்கம் காட்டினான். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. முன்பெல்லாம் இப்படி நேர்ந்தால் சிரித்து மழுப்புவான். இன்று சிரிக்கவில்லை. "அவ. அவளைக் கூப்பிடு."

சின்னவள் வெளியே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. கைப்பை மட்டும் இருந்தது. நடைபாதையின் இரு பக்கமும் தேடினாள். பிறகு பார்த்தாள். நடைபாதைக் கோடியில் சக்கர நாற்காலியில் இருந்த யாரோ ஒரு பெண்மணியின் முன் குனிந்து, அவர் மூக்குக் கண்ணாடியின் காதுக் கம்பியை அண்ணி வளைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அண்ணன் கூப்பிடறான்."

"எதுக்கு?"

"உங்க மூஞ்சி வேணுமாம்."

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. "ரெண்டு நிமிஷம் இரு. இந்தம்மாவுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது, தலை வலிக்குமா வலிக்காதா?" கண்ணாடியை மாட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்து, இன்னொரு முறை கழற்றி வளைத்து மாட்டினாள். அதன்பிறகே வந்தாள்.

டாக்டர் முதலிலிருந்து சொன்னார். அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"சிக்கல்னீங்களே?"

"அளவு அதிகமானா வீக்கம் வரலாம். கட்டி இருந்தது பேச்சுக்கான இடத்துக்குப் பக்கத்துல. பேச்சு இன்னும் கொஞ்சம் பாதிக்கலாம். வீக்கம் வடிஞ்சா திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். ரெண்டு முறையையும் எங்க குழுவுல வெச்சுப் பேசிட்டோம். ரெண்டுக்கும் சம்மதம். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அண்ணி திரையருகே குனிந்தாள். தொழில் புத்தி, எதையும் கண்ணை இடுக்கிக்கொண்டு கிட்டத்தில் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி.

"இந்த ரெண்டு பச்சையும் எந்த இடத்துத் துண்டு?"

டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். பட்டியல் ஒன்றைத் திறந்து சரிபார்த்தார்.

"ரெண்டும் ஆழத்துல இருந்து எடுத்தது. அதுக்கு மேல போனா பேச்சு போயிடும்னு சர்ஜன் நிறுத்தின இடம்."

"அப்ப எடுக்காம விட்டது எல்லாம் அந்த இடத்தை ஒட்டினதுதானே?"

"ஆமா."

"அதுவும் இதே மாதிரி சாகாததா இருக்கலாமா?"

"இருக்கலாம்."

 சின்னவள் தன் வலது கால், பிரேக்கை மிதிப்பது போல், தரையை அழுத்திக்கொண்டிருப்பதைக் கவனித்து, எடுத்தாள்.

"அதுக்கு ஏதாவது பண்ணிப் பாத்தீங்களா?"

"ஆழத்துத் துண்டுல மிச்சம் இருந்ததை மூணாவதா ஒரு தட்டுல வெச்சிருக்காங்க. கதிர்வீச்சோட வேறொரு மருந்தும் சேர்த்து. நேத்து வரைக்கும் அந்தத் தட்டைப் படிக்க முடியல. சீவல் தானாவே கெட்டுப்போயிருக்கவும் வாய்ப்பு இருக்கு. அதை நம்பி நான் எதுவும் சொல்ல மாட்டேன். எதுவானாலும் நாளைக்குள்ள சொன்னீங்கன்னா திட்டம் போட ஆரம்பிச்சிடலாம். இந்தக் கட்டிக்குக் காலம் தாழ்த்தக் கூடாது."

அண்ணன் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"மூணு வாரம்" என்றான்.

"யோசிங்க" என்றார் டாக்டர். "நாளைக்குச் சொல்லலாம்."

"லிஃப்ட் வராதுன்னு தெரிஞ்சும் ஆறு வாரம் பட்டனை அமுக்கிட்டு நிக்க முடியாது டாக்டர். இவ மூஞ்சியிலயும் அதான் எழுதியிருக்கு."

"தப்பாப் படிச்சிருக்கீங்க" என்றாள் அண்ணி. "பேச்சு போச்சுன்னா என்ன பண்ணுவீங்கன்னு எழுதியிருக்கு."

"உனக்குத்தான் நான் பேசினாலே பிடிக்காதே. நிம்மதியா இருப்பே."

அண்ணி சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. அவன் தொப்பி ஒரு பக்கம் ஏறியிருந்ததை இழுத்துச் சரிசெய்தாள்.

"மூணு வாரமே போடுங்க டாக்டர்" என்றாள்.

முகமூடிக்கு அச்செடுக்கும் அறையில் ஐந்து மணிக்கு ஒருவர் வராமல் போனதால் இடம் இருந்தது. இன்றே எடுத்துவிடலாம் என்றார்கள். கதிர்வீச்சு நேரத்தில் தலை இம்மியும் அசையக் கூடாது; அதற்காக, வெந்நீரில் இளக்கிய வலைத் தகட்டை முகத்தில் போர்த்தி அச்செடுப்பார்கள். இறுகியதும் மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிடலாம்.

"மூச்சு முட்டுமா?" என்று அண்ணன் கேட்டதற்கு, அச்செடுக்கிற ஊழியர், "வலைதான் சார், ஓட்டை இருக்கும். சூடான துணியை மூஞ்சியில போட்ட மாதிரி இருக்கும். அஞ்சே நிமிஷம். பேச மட்டும் கூடாது" என்றார்.

"இப்பவே பழகிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் உள்ளே போனான். கதவு மூடிக்கொண்டது.

அண்ணியும் சின்னவளும் வெளியே நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கைப்பையை எடுத்து அதில் வைத்தாள் அண்ணி.

"உன் மேல எனக்கு இன்னும் கோபம் போகல" என்றாள்.

"தெரியும் அண்ணி."

"நாளைக்கும் போகாது."

"சரி."

"இது வரைக்கும் எத்தனை விஷயம் இந்த மாதிரி உள்ள வெச்சிருக்கே?"

"இது ஒண்ணுதான்."

அண்ணி அவளைக் கூர்ந்து பார்த்தாள். அந்த முகத்திலிருந்து எதுவும் தெரியப்போவதில்லை என்று அவளுக்கே தெரியும். பார்வையை எடுத்துக்கொண்டாள்.

அப்போது சின்னவளின் போன் அடித்தது. காலையில் வந்த அதே எண்.

"திசுக் கூடத்துல இருந்துங்க. டாக்டருக்கு அடிச்சேன், எடுக்கல. உங்க அண்ணனோட மூணாவது தட்டு விஷயமா... நீங்க தனியா இருக்கீங்களா? பேசலாமா?"

சின்னவளின் கட்டை விரல் ஒலியைக் குறைக்கும் பொத்தானுக்குத் தானாகப் போயிருந்தது. அண்ணி இங்கே பார்க்கவில்லை. எழுந்து பத்தடி தள்ளிப் போய்ப் பேசியிருக்கலாம். எழுந்திருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

"ஒரு நிமிஷம்" என்றாள். நாற்காலிக்கு மேலாகக் கையை நீட்டி, போனை அண்ணியிடம் கொடுத்தாள். "உங்களுக்குத்தான்."

அண்ணி வாங்கிக் காதில் வைத்தாள். "நான் அவர் சம்சாரம். சொல்லுங்க."

கேட்டாள். எதிர்முனையில் அந்தப் பெண் காலையில் பேசியதைவிட வேகமாகப் பேசுவது மட்டும் சின்னவளுக்குக் கேட்டது. வார்த்தைகள் கேட்கவில்லை.

"எத்தனை சீவல் செத்திருக்கு?" என்றாள் அண்ணி. பிறகு, "ரெண்டு தடவை பாத்தீங்களா?"  கைப்பை மடியில் இருப்பதாக நினைத்து மடியைத் தடவினாள். "அந்த மருந்தை எப்ப ஆரம்பிக்கணும்? கதிர்வீச்சுக்கு முன்னாடியேவா? முகமூடி இப்ப உள்ள எடுத்துட்டு இருக்காங்களே. சரி. சரிங்க. நான் பாத்துக்கறேன்."

போனை வைத்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை.

"என்ன அண்ணி? என்ன சொன்னாங்க?"

அண்ணி எழுந்து நின்றாள். அச்செடுக்கும் அறைக் கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். நடைபாதையின் மறுகோடியில் டாக்டரின் அறையைப் பார்த்தாள்.

"அப்புறம் சொல்றேன். நீ போய் டாக்டர் கிளம்பிட்டாங்களான்னு பாரு."

"கிளம்பியிருந்தா?"

"லிஃப்ட்ல போயிருப்பாங்க. நீ படியில இறங்கி ஓடு."

சின்னவள் முதலில் நடந்தாள். அப்புறம் ஓடினாள்.